வெடிக்க வைப்பது சூடா, வாயுவா?

குழு: வைகைக்கரை சொந்தங்கள்
ஞாயிற்றுக்கிழமை

திருநகர் பெரியப்பா: (காணொளி) ஹவாய்த் தீவில் கிலாவேயா எரிமலை. நெருப்பு ஊற்று மாதிரிப் பீறிடுகிறது, ஜனங்கள் தள்ளி நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். இவ்வளவு சூட்டில் மலையே சிதறியிருக்க வேண்டாமா?

மேலூர் சித்தி: ஐயோ, பார்க்கவே குலை நடுங்குகிறது.

தம்பி: அக்கா, பிலிப்பைன்ஸில் பினாடுபோ வெடித்த படம் பார்த்தேன். அதில் தீயே தெரியவில்லை, சாம்பல் மேகம் மட்டும்தான். ஆனால் அதைத்தான் பெரிய வெடிப்பு என்கிறார்கள். எப்படி?

பெரிய அக்கா: சரியான இடத்தைப் பிடித்தாய் தம்பி. கிலாவேயாவின் உருகிய பாறைக் குழம்பு 1,150 டிகிரி செல்சியஸ் வரை சுடும். 1991இல் பினாடுபோவில் வந்தது ஏறக்குறைய 800 டிகிரிதான். சூடு குறைந்ததுதான் பயங்கரமாக வெடித்தது.

ஒத்தக்கடை மாமா: அது எப்படிம்மா?

பெரிய அக்கா: வேலையைச் செய்வது குழம்புக்குள் கரைந்திருக்கும் வாயு, மாமா. பெரும்பங்கு நீராவி. அப்புறம் கார்பன் டை ஆக்சைடு, கந்தக டை ஆக்சைடு. பல கிலோமீட்டர் ஆழத்தில் அழுத்தம் அதிகம், அதனால் வாயு கரைந்தே கிடக்கும். குழம்பு மேலே ஏற ஏற அழுத்தம் குறைந்து, வாயு குமிழியாகப் பிரியும். இதுவரைக்கும் எல்லா எரிமலைக்கும் ஒரே கதை. பிரிந்த குமிழிக்கு வெளியே போக வழி கிடைக்கிறதா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

பெரிய அக்கா: கிலாவேயாவில் வருவது பசால்ட் என்ற வகைக் குழம்பு. அதில் சிலிக்கா, அதாவது மணலில் இருக்கும் அதே பொருள், பாதியளவுதான், அதனால் இளகி ஓடும். குமிழி சுலபமாக மேலே வந்து உடைந்துவிடும். பினாடுபோவில் வந்தது டேசைட் என்ற வகை, சிலிக்கா 64 சதவீதம். சிலிக்கா கூடக் கூட அணுக்கள் சங்கிலியாகப் பின்னிக்கொள்ளும், குழம்பு கெட்டிப்படும். சூடு குறைவாக இருப்பதும் அதை இன்னும் இறுக்கும். அது போதாதென்று வாயுவும் அங்கே அதிகம்: எடையில் ஆறு சதவீதம் தண்ணீர். கிலாவேயாவில் அரை சதவீதம் இருந்தாலே பெரிது.

தம்பி: அப்புறம்?

பெரிய அக்கா: குமிழியால் நகர முடியாது, ஆனால் பெருத்துக்கொண்டே போகும். குழம்பில் கிட்டத்தட்ட முக்கால் பங்கு குமிழியாகிவிட்டால் நடுவிலுள்ள மெல்லிய சுவர்கள் தாங்காது. மொத்தமும் நொறுங்கி, வாயுவோடு சேர்ந்து மேலே பாயும். நீ படத்தில் பார்த்தது அந்தத் தூள்தான். பேர்தான் சாம்பல், பெரும்பகுதி கண்ணாடித் துணுக்கு.

மேலூர் சித்தி: கால் தேய்க்க விற்கிறார்களே, தண்ணீரில் மிதக்கும் கல். அதுவும் இதில் சேர்த்தியா பாப்பா?

பெரிய அக்கா: ஆமாம் சித்தி! அசல் பியூமிஸ் கல்லாக இருந்தால் அதேதான். நொறுங்காமல் தப்பிய நுரை அப்படியே உறைந்து கல்லானது. ஒவ்வொரு ஓட்டையும் ஒரு குமிழி இருந்த இடம்.

தம்பி: பள்ளிக் கண்காட்சியில் ஆப்ப சோடாவும் வினிகரும் ஊற்றி எரிமலை செய்கிறோமே, அது தப்பா?

பெரிய அக்கா: தப்பில்லை, அதிலும் வாயுதான் தள்ளுகிறது. ஆனால் இரண்டு கிண்ணம் வை. ஒன்றில் தண்ணீர், இன்னொன்றில் கெட்டியான மைதாப் பசை. இரண்டிலும் சோடாவைக் கலந்து வினிகர் விடு. தண்ணீரில் நுரை பொங்கி அடங்கிவிடும். பசையில் குமிழி மாட்டிக்கொண்டு பசையே உப்பி எழும். மூடி மட்டும் போடாதே, எந்தக் காரணம் கொண்டும்.

ஒத்தக்கடை மாமா: அப்படியானால் கெட்டிக் குழம்பு என்றாலே வெடிதானா?

பெரிய அக்கா: அப்படியும் இல்லை மாமா. மெதுவாக ஏறினால் வாயு விரிசல் வழியாகக் கசிந்து போகும். குழம்பு வாயருகே குவியலாகப் பிதுங்கி நிற்கும். அவசரமாக ஏறினாலோ, மேலே இருக்கும் பாரம் திடீரென்று விலகினாலோதான் ஆபத்து. அமெரிக்காவில் செயிண்ட் ஹெலன்ஸ் மலையின் வடக்குப் பக்கம் வாரக்கணக்கில் புடைத்துக்கொண்டே வந்தது. 1980 மே 18 காலையில் நிலநடுக்கம் வந்து அந்தப் பக்கமே சரிந்தது. உள்ளே இருந்த அழுத்தம் நொடியில் விடுபட, மலை பக்கவாட்டில் வெடித்தது. 57 பேர் போனார்கள்.

பெரிய அக்கா: வெளித் தண்ணீர் சேர்ந்தாலும் கதை மாறும். பெரியப்பா அனுப்பிய அதே கிலாவேயா, 1924இல் நிலத்தடி நீர் சூடாகி நீராவியாக வெடித்துப் பாறைகளை வீசியது. 2022 ஜனவரி 15இல் டோங்கா நாட்டின் ஹங்கா டோங்கா எரிமலை கடலுக்கடியில் வெடித்தபோது மேகம் 50 கிலோமீட்டருக்கும் மேலே போனது.

ஒத்தக்கடை மாமா: எங்கள் யானைமலையும் பழைய எரிமலைதான் என்று டீக்கடையில் ஒருத்தர் அடித்துச் சொல்கிறார்.

பெரிய அக்கா: இல்லவே இல்லை மாமா. ஆழத்தில் சூட்டாலும் அழுத்தத்தாலும் உருமாறி உருவான, 'நைஸ்' என்ற வகைப் பாறை அது. மேலே இருந்ததெல்லாம் கோடிக்கணக்கான வருடங்களில் தேய்ந்து போய், இப்போது வெளியே தெரிகிறது. பயமில்லாமல் இருங்கள். நம் நாட்டில் இன்றும் குமுறுவது அந்தமானில் இருக்கும் பாரன் தீவு.

திருநகர் பெரியப்பா: வெடிக்கப் போவதை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா அம்மா?

பெரிய அக்கா: எப்போதும் முடியாது. ஆனால் பினாடுபோவில் முடிந்தது பெரியப்பா. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். 1991 மே 13இல் மலை நாளுக்கு 500 டன் கந்தக டை ஆக்சைடு விட்டது. மே 28இல் அது 5,000 டன்னைத் தாண்டியது. பிறகு சட்டென்று குறைந்துவிட்டது.

மேலூர் சித்தி: குறைந்தால் நல்லதுதானே?

பெரிய அக்கா: அதுதான் இல்லை சித்தி. குழம்பு ஏறிக்கொண்டிருக்கும்போது வாயு குறைந்தால், போகும் வழி அடைத்துக்கொண்டிருக்கலாம். அங்கே இருந்த பிலிப்பைன்ஸ், அமெரிக்க விஞ்ஞானிகள் அதைத்தான் நினைத்துப் பயந்தார்கள். பல்லாயிரம் பேரை ஊரைவிட்டு வெளியேற்றினார்கள். ஜூன் 15இல் மலை வெடித்தது. குறைந்தது 5,000 உயிர் பிழைத்திருக்கும் என்று பிறகு கணக்கிட்டார்கள்.

மேலூர் சித்தி: அவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

தம்பி: அப்படியும் ஆட்கள் இறந்தார்களே அக்கா?

பெரிய அக்கா: ஆமாம் தம்பி. அன்றைக்கே ஒரு புயலும் வந்து மழை கொட்டியது. சாம்பல் என்றாலும் கல்லின் தூள்தானே, நனைந்து கனம் கூடிக் கூரைகள் இடிந்து விழுந்தன. வெடிப்பு நேரத்தில் இறந்தவர்களில் பெரும்பாலோர் வீட்டுக்குள் இருந்தவர்கள்.