‘உன்னைச் சொல்லல’ என்றவர்கள்

சண்டர்லாந்து, இங்கிலாந்து

அரசியலால் வீட்டிலும் வேலையிடத்திலும் முகம் முறிந்த அனுபவங்களை ஒவ்வொருவராக எழுதி வருகிறீர்கள். எல்லாவற்றையும் படித்தேன். என்னுடையதையும் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

நான் நாகர்கோவில் பக்கம். 2015 தொடக்கத்தில் நர்ஸ் வேலைக்காக இந்த ஊருக்கு வந்தேன். அடுத்த வருடமே, ஜூன் 23 அன்று, ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா விலகுவதா என்ற வாக்கெடுப்பு வந்தது. காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் என்பதால் இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்த எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஓட்டு உண்டு. என் வார்டில் ஆறு வருடமாக வேலை பார்த்த ஸ்பெயின் நாட்டு நர்ஸுக்கு ஓட்டு இல்லை. அந்த ஓட்டு யாருடைய வாழ்க்கையை முடிவு செய்யப்போகிறதோ அவள் வேடிக்கை பார்க்க, வந்து ஒன்றரை வருடமே ஆன நான் வரிசையில் நின்றேன்.

பென்சிலில் போட்டால் அழித்துவிடுவார்கள் என்று அன்றைக்கு ஒரு வதந்தி. எனக்கு முன்னால் நின்ற பெரியவர் சட்டைப் பையிலிருந்து சொந்தப் பேனாவை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். என்னவோ எனக்கு அது மனதில் தைத்துவிட்டது. எதிர்க்கட்சிக்காரனை நம்பாதது வேறு, ஓட்டுச் சீட்டையே நம்பாதது வேறு.

நான் ‘இருக்க வேண்டும்’ என்று போட்டேன். என் வீட்டுக்காரர் ‘விலக வேண்டும்’ என்று போட்டார். அவருடைய கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கில மொழித் தேர்வில் நான்கு பகுதியிலும் 7 எடுக்க நான் மூன்று முறை பணம் கட்டினேன். ஐரோப்பிய நர்ஸ்களுக்கோ 2016 ஜனவரி வரை மொழிச் சோதனையே கிடையாது, விசாவும் கிடையாது. விலகினால் காமன்வெல்த் நாட்டுக்காரர்களுக்கு நியாயமான வழி கிடைக்கும் என்று பிரசாரத்தில் சொன்னார்கள். இங்கே எங்களுக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்களில் பாதிப் பேர் அதை நம்பினார்கள். நானும் அவரும் இரண்டு நாள் பேசவில்லை. சமைத்து வைத்துவிட்டு டூட்டிக்குப் போவேன், அவர் சாப்பிட்டுவிட்டுப் பாத்திரம் கழுவி வைத்திருப்பார், அவ்வளவுதான்.

முடிவு வந்த இரவு எனக்கு நைட் ஷிப்ட். தூக்கம் வராத நோயாளிகள் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து ஊரான நியூகாசிலில் 50.7 சதவீதம் பேர் இருப்பதற்கு ஓட்டுப் போட்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் எங்கள் ஊர் முடிவு: 61.3 சதவீதம் விலகுவதற்கு. அந்த அறிவிப்போடு பவுண்டின் மதிப்பு சரிந்ததாக டிவியில் ஓடியது. இரண்டு ஊருக்கும் நடுவே மெட்ரோ ரயிலில் அரை மணி நேரம்தான்.

லண்டனில் இருக்கும் நண்பர்கள் எங்கள் ஊர்க்காரர்களை முட்டாள்கள் என்றார்கள். ஐரோப்பாவுக்குக் கார் அனுப்பும் நிசான் தொழிற்சாலை ஊரிலேயே இருக்கும்போது தங்கள் தலையில் தாங்களே மண்ணள்ளிப் போட்டுக்கொண்டார்கள் என்றார்கள். எனக்கு அந்தப் பேச்சு அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. ஒரு காலத்தில் கப்பல் கட்டியே பிழைத்த ஊர் இது. 1988-இல் கப்பல் கட்டும் தளங்கள் மூடப்பட்டன. 1993-இல் வேர்மவுத் நிலக்கரிச் சுரங்கமும் மூடியது. அந்தச் சுரங்கம் இருந்த இடத்தில்தான் இப்போது கால்பந்து மைதானம் நிற்கிறது. வாசலில் சுரங்கத் தொழிலாளர் விளக்கைப் பெரிதாகச் செய்து வைத்திருக்கிறார்கள். என் பக்கத்து வீட்டுப் பெரியவர் அந்தச் சுரங்கத்தில் கடைசி நாள்வரை வேலை பார்த்தவர். நாற்பத்து மூன்று வயதில் வெளியே வந்தார். அதற்குப் பிறகு நிரந்தர வேலை கிடைக்கவில்லை. “அந்த ஒரு நாள்தான் எங்களையும் ஒரு கேள்வி கேட்டார்கள்” என்று அவர் ஒருமுறை சொன்னார். முட்டாள் என்று சொல்லும் யாரும் அவரிடம் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசியதில்லை.

முடிவு வந்த அந்த இரவு விடிந்து காலை ஆறு மணி. நாடு முழுக்க விலகுவதே ஜெயித்திருந்தது. ஒரு பாட்டிக்கு ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சந்தோஷமாக, “இனி எல்லோரும் அவரவர் ஊருக்குப் போவார்கள்” என்றார். என் கை அப்படியே நின்றுவிட்டது. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். “உன்னைச் சொல்லல, பெட். மத்தவங்களைச் சொன்னேன்.” ‘பெட்’ என்பது இந்தப் பக்கத்தில் கண்ணே என்பதுபோலப் பாசமாகக் கூப்பிடும் சொல். அவர் பொய் சொல்லவில்லை, நிஜமாகவே என்னைச் சொல்லவில்லை. அந்த மத்தவங்களில் ஒருத்தி, என் ஸ்பெயின் தோழி, இரண்டு கட்டில் தள்ளி அவருடைய மாத்திரையை எண்ணிக்கொண்டிருந்தாள்.

அவள் அடுத்த வருடம் ஊருக்கே திரும்பிவிட்டாள். ஐரோப்பாவிலிருந்து புதிதாக வரும் நர்ஸ்கள் மிகவும் குறைந்துபோனார்கள். அந்த இடத்துக்கு இந்தியாவிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் ஆயிரக்கணக்கில் எடுத்தார்கள். ஆள் வரவைக் குறைக்கப் போட்ட ஓட்டு எங்களைத்தான் கூடுதலாகக் கொண்டுவந்து சேர்த்தது.

அப்புறம் 2024. ஜூலை 29 அன்று சவுத்போர்ட்டில் நடன வகுப்புக்குப் போன மூன்று சிறுமிகள் குத்திக் கொல்லப்பட்டார்கள். குத்தியவன் படகில் வந்த முஸ்லிம் அகதி என்று பொய்ச் செய்தி பரவியது. உண்மையில் அவன் பிரிட்டனிலேயே, கார்டிஃபில் பிறந்தவன். ஆகஸ்ட் 2, வெள்ளிக்கிழமை, கலவரம் எங்கள் ஊருக்கு வந்தது. கீல் சதுக்கத்தில் கூடினார்கள், போலீஸ் மேல் செங்கல் எறிந்தார்கள். கடன், வாடகைப் பிரச்சினை என்று வரும் ஏழைகளுக்கு இலவசமாக ஆலோசனை சொல்லும் அலுவலகத்தைக் கொளுத்தினார்கள். அவசர வேலைக்காக டாக்சியில் போன இரண்டு பிலிப்பைன்ஸ் நர்ஸ்கள் மேல் கல் விழுந்தது. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரே செய்தி திரும்பத் திரும்ப வந்தது: தனியாகப் போகாதீர்கள்.

சனிக்கிழமை எனக்கு நைட். வீட்டுக்காரர் நியூகாசிலில் வேலையில் மாட்டிக்கொண்டார். கதவு தட்டும் சத்தம் கேட்டு உடம்பு நடுங்கிவிட்டது. பக்கத்து வீட்டுப் பெரியவர்தான், கார் சாவியோடு நின்றார். “நான் கூட்டிக்கொண்டு போகிறேன், பின் சீட்டில் உட்கார்” என்றார். மூன்று இரவு அவர்தான் கொண்டுபோய் விட்டார். காலையில் வந்து கூட்டியும் வந்தார். எழுபத்து நான்கு வயது, சுரங்கத் தூசியில் கெட்ட நுரையீரல். சனிக்கிழமை காலை நூற்றுக்கணக்கானோர் துடைப்பமும் வாளியுமாக நகரத்தைக் கூட்டிப் பெருக்கினார்களே, அதிலும் இருந்தவர்.

மூன்றாவது இரவு காரில் அவர் சொன்னார்: “எரித்தது தப்பு. ஆனால் அந்த ஓட்டல்களில் அகதிகளை வைத்திருக்கிறார்களே, அவர்கள் போகத்தான் வேண்டும்.” கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “உன்னைச் சொல்லல.”

எட்டு வருடமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்ட வார்த்தை. அன்றைக்குக் கேட்டுவிட்டேன். “அவர்களில் ஒருவரையாவது உங்களுக்குத் தெரியுமா?” அவர் சிக்னலில் நின்றார், பச்சை விழுந்தது, போனார். ஆஸ்பத்திரி வாசல்வரை பதில் இல்லை. இறங்கும்போது, “இல்லை” என்றார்.

அன்று இரவு முழுக்க எனக்கு வேறொரு நினைப்பு. நர்சிங் படித்தபோது என் ஹாஸ்டல் அறைத்தோழி பட்டியல் சாதிப் பெண். ஒரு நாள் வராந்தாவில் மூன்று நான்கு பேர் உட்கார்ந்து, கோட்டாவில் வருகிறவர்களைப் பற்றி வாய்க்கு வந்ததைப் பேசிக்கொண்டிருந்தோம். நானும்தான் பேசினேன். அவள் துணி காயப்போட வந்தாள். நான் பதறிப்போய் அவள் கையைப் பிடித்தேன். “ஏட்டி, உன்னைச் சொல்லல.”

அதே வார்த்தை. நானும் அந்தப் பாட்டியைப் போலவே மணிக்கட்டைத்தான் பிடித்தேன்.

*

ஹாரோ, லண்டன்

அக்கா, உங்கட பதிவை இரண்டு தரம் வாசிச்சேன். நான் 1997-இல் கொழும்பிலிருந்து ஏஜென்சிக்குக் காசு கட்டி, மூன்று நாடு கடந்து, லொறிக்குள்ள இருந்து வந்தவன். அஞ்சு வருசத்துக்குப் பிறகுதான் விசா கிடைச்சது. அதுவரைக்கும் இரவில பெற்றோல் செட்டில நின்றன்.

போன வருசம் என்ர அண்ணை வீட்டில சாப்பாடு. ரிவியில படகில வாற சனத்தைக் காட்டினாங்கள். அண்ணை சொன்னார், “உவங்களைத் திருப்பி அனுப்ப வேணும்.” நான் கேட்டன், “அண்ணை, நாங்கள் எப்பிடி வந்தனாங்கள்?” அவர் கோபிச்சுப் போனார். “நாங்கள் வேற. எங்களுக்கு அங்க சண்டை.” சூடானிலும் சண்டைதானே எண்டன். அண்ணி எழும்பி ரிவியை நிப்பாட்டினா. அதுக்குப் பிறகு நாலு மாசம் நான் அங்க போகேல்லை. பிள்ளையள் ஏன் எண்டு கேக்குதுகள், எனக்குச் சொல்லத் தெரியேல்லை.

*

திருநெல்வேலி மாவட்டம்

அரசுப் பள்ளி ஆசிரியர். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு பட்டியல் சாதி மாணவனையும் அவன் தங்கையையும் சாதிவெறியில் வீடு புகுந்து வெட்டியது எல்லோருக்கும் நினைவிருக்கும். வெட்டியவர்கள் கூடப் படித்த பையன்கள். அதற்குப் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அமைத்த ஒரு நபர் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதி அடையாளமாகக் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது அதில் ஒன்று.

எங்கள் வகுப்பில் ஒரு பையனிடம் கயிற்றை அவிழ்க்கச் சொன்னேன். நான் என்ன சாதி என்று அவனுக்குத் தெரியும். அவிழ்த்துப் பையில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான்: “சார், நீங்க அப்படி இல்ல சார்.” என்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துத்தான் சொன்னான், நல்ல பையன். பதில் சொல்ல வராமல் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் அன்றைக்கு ஏன் திரும்பினேன் என்று எனக்கே பிடிபட்டது.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்தத் தோழியிடம் இதைப் பற்றிப் பேசினீர்களா?

*

சண்டர்லாந்து, இங்கிலாந்து

சார், நீங்கள் கேட்டு ஒன்பது நாள் ஆகிறது. பேசியிருக்கவில்லை, அதனால்தான் உடனே பதில் எழுதவில்லை.

வேறொரு தோழி மூலம் நம்பர் வாங்கி நேற்று போன் செய்தேன். இப்போது சேலத்தில் நர்சிங் ஆசிரியையாக இருக்கிறாள், இரண்டு பெண் பிள்ளைகள். பதினெட்டு வருடத்துக்குப் பிறகு பேசுகிறோம், அரை மணி நேரம் பிள்ளைகள், மாமியார், முதுகு வலி என்றே போனது. வைக்கப்போகும் நேரத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டு, “அன்னைக்கு வராந்தாவில நான் ஒண்ணு சொன்னேன்” என்று ஆரம்பித்தேன்.

அவள் என்னை முடிக்க விடவில்லை. “துணி காயப்போட வந்தேனே, அன்னைக்கா? நல்லா ஞாபகம் இருக்குட்டி” என்றாள்.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. பிறகு அவள், அந்த நிமிடம் கையில் இருந்தது என்னுடைய வெள்ளைச் சீருடை என்றாள். எனக்குக் காய்ச்சல் என்று அவள்தான் துவைத்திருக்கிறாள். எனக்கு அது சுத்தமாக நினைவில் இல்லை.

வரும் டிசம்பரில் ஊருக்குப் போகிறேன். சேலம் வரச் சொல்லியிருக்கிறாள். பக்கத்து வீட்டுப் பெரியவர் தோட்டத்தில் விளைந்த லீக் (வெங்காயத்தாள் மாதிரி இருக்கும்) இரண்டு கட்டு இன்று காலை வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார். சாம்பாரில் போட்டேன், ஒரு கிண்ணம் அவருக்குக் கொடுத்துவிட்டு வர வேண்டும்.