எட்டு வயது மகளுக்கு அப்பர்ச்சரை எப்படிப் புரியவைப்பது?

வணக்கம். என் பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவில் மகளும் நானும் சேர்ந்து படம் எடுக்கப் பழகுகிறோம். ஷட்டர் வேகம் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. முட்டம் பாறையில் மோதும் அலையை 1/1000 நொடியில் எடுத்தால் துளித்துளியாக அந்தரத்தில் நிற்கிறது. ஸ்டாண்டில் வைத்து 1/4 நொடியில் எடுத்தால் பால் போல வழிகிறது. பார்த்துவிட்டுக் குதிக்கிறாள்!

அப்பர்ச்சர், அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துளைதான் சிக்கல். அதன் அளவைக் குறிக்கும் எஃப் எண் கூடினால் துளை சிறிதாகும் என்றதும், "அதெப்படிப்பா?" என்று விடமாட்டேன் என்கிறாள். நியாயமான கேள்வி. லென்ஸின் குவியத் தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்து வரும் எண் அது. ஆனால் வகுத்தலே இப்போதுதான் படிக்கிறாள். செய்துகாட்டி விளக்க எளிய வழி இருந்தால் சொல்லுங்கள்.

அப்புறம், அடுத்து மாத்தூர் தொட்டிப்பாலம் போகிறோம். தூண்வரிசையை எடுக்கக் காலை வெளிச்சம் நல்லதா, மாலையா? உப்புக்காற்றில் லென்ஸில் படியும் பிசுபிசுப்பை எதைக் கொண்டு துடைக்கிறீர்கள்?