பரண்ல இருந்த நாலு பெட்டி

(குழு: நம்ம வீட்டு ஆளுங்க. சனி, மாலை 6:40)

நான்: (புகைப்படம்) பரணை ஒழிச்சுக்கிட்டு இருக்கோம். நாலு பெட்டி நிறையப் பாட்டு, இசைத்தட்டு, கேசட், சிடின்னு. எதை வச்சுக்கணும், எதைப் போடணும்னு நாளைக்குள்ள எல்லாரும் சொல்லிடுங்க.

பெரியப்பா: தட்டு எதையும் தொடாதே.

பெரியப்பா: படத்துல படுக்க வச்சு அடுக்கியிருக்கே. முதல்ல நிமிர்த்தி வைம்மா. ஒண்ணு மேல ஒண்ணு கிடந்தா வளைஞ்சு போயிடும்.

சித்தப்பா: ஆரம்பிச்சுட்டாரு

நான்: ஒரு தட்டு மட்டும் ரொம்பக் கனம் பெரியப்பா. ஓரத்துல விரிசல்.

பெரியப்பா: அது 78, நிமிஷத்துக்கு 78 சுத்து சுத்துற பழைய தட்டு. அரக்கு கலந்து செஞ்சது, கீழ விழுந்தா பீங்கான் மாதிரி உடையும். ஒரு பக்கத்துக்கு மூணு நிமிஷம் சொச்சம்தான் பாடும். உங்க தாத்தாவோடது. எனக்கு அதுல அவ்வளவு பிடிப்பு இல்லை. என் ஆள் எல்பி, அதாவது லாங் பிளே தட்டு. 1948-ல வந்தது. நிமிஷத்துக்கு 33⅓ சுத்து, ஒரு பக்கம் 20-22 நிமிஷம். முடிஞ்சதும் எழுந்து போய்த் திருப்பிப் போடணும். அந்த எழுந்து போறதுதான் எனக்குப் பிடிச்சதே. அதுவரைக்கும் வீட்ல யாரும் பேச மாட்டீங்க.

அத்தை: பேச விட்டாத்தானே பெரியண்ணே. ஊசி துள்ளும்னு நடக்கக்கூட விடலை. நான் பூனை மாதிரி நடந்தே வளர்ந்தவ.

அப்பா: உண்மை.

அண்ணன் (பெரியப்பா பையன்): அப்பாவோட எல்பில ஒவ்வொரு பக்கத்துலயும் கடைசிப் பாட்டு கரகரன்னு இருக்குமே, அதையும் சொல்லுங்கப்பா.

பெரியப்பா: அதுக்கு ஊசி மட்டும் காரணம் இல்லடா. தட்டு ஒரே வேகத்துலதான் சுத்துது. ஆனா ஊசி உள்ள போகப் போக வட்டம் சின்னதாகுது. வெளி ஓரத்துல ஒரு சுத்துக்கு 90 செ.மீ. நீளம் கிடைக்குது. கடைசிப் பாட்டுக்கு வரும்போது அதுல பாதிகூட இல்லை. அத்தனை சத்தமும் அந்தக் குறுகின இடத்துக்குள்ள நெருக்கியடிச்சு உட்காரணும். விவரம் தெரிஞ்சவங்க மென்மையான பாட்டாப் பார்த்துக் கடைசியில வைப்பாங்க.

அண்ணன்: சரி, ஊசி தேய்ஞ்சதும் ஒரு காரணம்

பெரியப்பா: தேய்ஞ்சுதான் இருந்துச்சு.

அத்தை: நான் கேசட் கட்சி. ஏன்னு யாரும் கேக்கலைன்னாலும் சொல்றேன். எல்பி பெரியண்ணன் சொத்து, பிளேயர் மூடியைத் திறக்கக்கூட எனக்கு அனுமதி இல்லை. கேசட் என் கைக்குள்ள அடங்கிச்சு. 60 நிமிஷ கேசட்டாப் பார்த்து வாங்குவேன். 90-ல நாடா மெல்லிசு, சீக்கிரம் சிக்கிக்கும். ரேடியோவுல பாட்டு வர்ற நேரத்துக்கு பிளே, ரெக்கார்டு ரெண்டு பொத்தான் மேலயும் விரலை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். முந்தி அமுக்கினா அறிவிப்பாளர் பேச்சும் சேர்ந்து பதிஞ்சுடும். பிந்தினா பல்லவியில பாதி போயிடும். கொஞ்சம் கொஞ்சமா விரல் பழகிடுச்சு.

சித்தப்பா: அக்கா, உன் கேசட்ல ஒரு பாட்டு ரெண்டாவது சரணத்துல பாதியில நின்னுடும், ஞாபகம் இருக்கா? நாடா அங்கேயே தீர்ந்து போச்சு. காலேஜ் போற வரைக்கும் அந்தப் பாட்டே அவ்வளவுதான்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

அத்தை: சிடில முழுசாக் கேட்டுட்டு ஓடி வந்தியே, "அக்கா இதுக்கு மிச்சம் இருக்கு"ன்னு

சித்தப்பா: இன்னிக்கும் போன்ல அந்த இடம் வந்தா, டக்குனு பொத்தான் விடுபடுற சத்தத்துக்குத்தான் காது காத்திருக்கு. அதுக்கப்புறம் வர்ற வரியெல்லாம் வேற யாரோ எழுதிச் சேர்த்த மாதிரி இருக்கு.

அத்தை: அந்தக் கேசட்டோட பி பக்கத்தை அழிச்சது யாரு?

சித்தப்பா: (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

அத்தை: யாரும் மேல பதியக்கூடாதுன்னு கேசட் ஓரத்துல இருக்கிற அந்தக் குட்டிப் பல்லை உடைச்சுத்தான் வச்சிருந்தேன்!

சித்தப்பா: ஓட்டைல செலோ டேப் ஒட்டினா மறுபடி பதியும்னு அன்னிக்குத்தான் கண்டுபிடிச்சேன்க்கா. எனக்கு அப்ப ஒன்பது வயசு.

அப்பா: 30 நிமிஷம் முழுக்க இவன் பாட்டு. நான் கேட்டிருக்கேன். வேண்டாம்.

நான்: செலோ டேப் ஒட்டின கேசட் ஒண்ணு இங்க இருக்கு

அத்தை: அதைத் தனியா எடுத்து வை. இவனை நம்ப மாட்டேன்.

சித்தப்பா: நான் சிடிக்கு மாறினதுக்கு அதுவும் ஒரு காரணம், யாராலயும் அழிக்க முடியாது. 1982-ல வந்தது, ஒரே பக்கத்துல 74 நிமிஷம், நினைச்ச பாட்டுக்குத் தாவிடலாம். பாப்பா, ஒண்ணு கவனி. எல்லாரும் பளபளப்பான பக்கத்தையே பொத்திப் பொத்தி வைப்பாங்க. அந்தப் பக்கம் ஒரு மில்லிமீட்டருக்கு மேல பிளாஸ்டிக் இருக்கு, லேசான கீறல்னா தேய்ச்சு எடுத்துடலாம். எழுத்து அச்சடிச்ச பக்கம்தான் ஆபத்து. பதிவு அந்தப் பூச்சுக்கு நேர் கீழ இருக்கு. அங்க ஆழமாக் கீறினா கதை முடிஞ்சுது.

நான்: நீங்க ஸ்கெட்ச் பேனால பேர் எழுதி வச்ச சிடி ஒரு அடுக்கு இருக்கே சித்தப்பா. நாலு போட்டுப் பார்த்தேன், மூணு ஓடலை.

சித்தப்பா: வீட்ல எழுதின சிடில பதிவே ஒரு சாயத்துலதான். வருஷமானா வெளுத்துடும். அதைப் போட்டுடு. மனசு கேக்கலை, ஆனா போட்டுடு.

பெரியப்பா: என் தட்டு இன்னும் பாடுது.

சித்தப்பா: கரகரன்னு.

அப்பா: நீ போன மாசம் புதுசா ஒரு எல்பி வாங்கினியே பாப்பா, அது எங்க?

நான்: சுவத்துல மாட்டியிருக்கேன்ப்பா. என்கிட்ட பிளேயர் இல்லையே. அட்டை அவ்வளவு பெருசா இருந்தாத்தான் படம் படமாத் தெரியுது.

பெரியப்பா: சுவத்துலயா

பெரியப்பா: வெயில் படுற சுவரா?

நான்: கொஞ்சம்

பெரியப்பா: நாளைக்குக் காலையிலயே வர்றேன். என் பிளேயரையும் எடுத்துட்டு வர்றேன்.

அத்தை: நானும் வர்றேன். பெரியண்ணே, ஒரு தட்டை நானே எடுத்துப் போடணும்.

(பெரியப்பா தட்டச்சு செய்கிறார்…)

(பெரியப்பா தட்டச்சு செய்கிறார்…)

பெரியப்பா: சரி. ஓரத்தைப் பிடிச்சு எடு.

அப்பா: நாலாவது பெட்டியை யாருமே கேக்கலையே. சின்னச் சின்னதாச் சதுரமா, உள்ள குட்டித் தட்டு. என்னது அது?

அண்ணன்: மினிடிஸ்க் சித்தப்பா! 1992-ல வந்தது. எத்தனை தடவை வேணாலும் அழிச்சு எழுதலாம், பதிஞ்ச பிறகும் பாட்டு வரிசையை மாத்தலாம். அந்தக் காலத்துக்கு அதை அடிச்சுக்க ஆளே

சித்தப்பா: அத்தனை பேர்ல நீ ஒருத்தன்தான்டா வாங்கின.

அண்ணன்: பாப்பா, அந்தப் பெட்டியைத் தொடாதே.