'வாய்மை'யை அன்றாட வாக்கியத்தில் எப்படி அமைப்பது?

கேள்வி – ஏழாம் வகுப்பின் அம்மா

மகளுக்குச் 'சொற்றொடரில் அமைத்து எழுதுக' பகுதியில் 'வாய்மை' வந்திருக்கிறது. மூன்று வாக்கியங்கள் எழுதியிருக்கிறாள்.

பாட்டி வாய்மையான நெய் காய்ச்சுவார்.
திருடன் காவலரிடம் வாய்மையைச் சொன்னான்.
வாய்மையாகவே எனக்குக் காய்ச்சல்.

மூன்றின் மேலும் சிவப்பு மை. கையடக்க அகராதியைப் பிரித்தால் 'வாய்மை – உண்மை' என்று ஒற்றை வரிதான். பொருள் ஒன்று என்றால், ஒன்றின் இடத்தில் மற்றதை வைத்தால் ஏன் உதைக்கிறது? காதுக்குத் தவறு என்று தெரிகிறது. காரணம் சொல்லத்தான் வரவில்லை. "அகராதி பொய் சொல்லுமா?" என்று கேட்டுவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

பதில் – தேனிக்காரன்

உள்ளத்தில் இருப்பது உண்மை, வாயில் வருவது வாய்மை, மெய்யால் செய்வது மெய்மை. எங்கள் தமிழாசிரியர் சொல்லிக்கொடுத்தது. இதையே சொல்லுங்கள், போதும்.

பதில் – மெய்ப்புத் திருத்துபவர்

தேனிக்காரரே, பட்டிமன்றத்தில் கைத்தட்டல் வாங்கித்தரும் விளக்கம். ஆனால் அந்த நெய் ஏன் தவறு என்பதற்கு அதில் விடை இல்லை. மேலும் 'உண்மை'க்கு 'உள்ளது', 'இருப்பது' என்பதே பழைய பொருள். இன்மைக்கு எதிர்ச்சொல்லாகவே நூல்களில் அது நிற்கும். 'கடவுள் உண்மை' என்று சைவ சித்தாந்த நூலில் கண்டால், கடவுள் இருக்கிறார் என்பதுதான் பொருள்.

அங்கேதான் வேறுபாடு. உண்மை செய்தியைச் சேர்ந்தது. வாய்மை ஆளைச் சேர்ந்தது. நடந்தது நடந்தபடி இருந்தால் அது உண்மை; அதைச் சொல்லும் மனிதரின் குணம் வாய்மை.

பஸ் நிறுத்தத்தில் ஒரு பெரியவர் ஐந்தரை மணி வண்டி வரும் என்று நம்பிச் சொல்கிறார். நேரத்தை மாற்றிவிட்டார்கள் என்பது அவருக்குத் தெரியாது. அவர் சொன்னது உண்மையில்லை; அவருடைய வாய்மைக்கோ ஒரு குறையும் இல்லை. இதை மறுபக்கம் திருப்பிப் பாருங்கள். திருமண மண்டபத்தில் பந்தி நடந்துகொண்டிருக்கிறது. பெண்ணின் தகப்பனார் நகையை அடகு வைத்துத்தான் இந்தச் சாப்பாடு போடுகிறார் என்று, இலைக்கு இலை கேட்கும்படி ஒரு பங்காளி பேசுகிறார். அத்தனையும் உண்மை. கேட்டால் அடகு ரசீதைக்கூடக் காட்டுவார். அதை வாய்மை என்று தமிழில் எவரும் எழுதமாட்டார்கள். யாருக்கும் எந்தத் தீமையும் இல்லாத சொல்லே வாய்மை என்று 291ஆம் குறள் எல்லை கட்டியிருக்கிறது. அடுத்த குறள் இன்னும் துணிச்சலானது: குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கத்தக்கது என்கிறது. 'உண்மை'யை வைத்து இப்படி ஒரு குறள் எழுத முடியாது.

இனி உங்கள் மகளின் வாக்கியங்கள். நெய்க்கு வாய் இல்லை. 'உண்மையான நெய்' என்றுகூட நாம் சொல்வதில்லை. சுத்தமான நெய், அசல் நெய் என்போம். திருடன் சொன்னது உண்மையை. வாய்மை 'சொல்' என்ற வினையோடு ஒட்டாது. கடைப்பிடிப்பது, காப்பது, தவறுவது, வழுவுவது ஆகியவற்றோடுதான் சேரும். காய்ச்சலுக்கு 'உண்மையாகவே', 'மெய்யாகவே', 'நிஜமாகவே' மூன்றும் வரும், 'வாய்மையாகவே' வராது. அம்மா நம்ப மறுத்தால் 'சத்தியமாக' என்று ஆணையிடலாம்.

பதில் – மனு எழுதுபவர்

தாலுகா அலுவலக வாசலில் மனு எழுதுவது என் தொழில். "மேற்கண்ட விவரங்கள் யாவும் என் அறிவுக்கு எட்டியவரை உண்மை" என்று எழுதித்தான் கையெழுத்துக்கு நீட்டுவேன். உண்மை நகல், உண்மைக்குப் புறம்பான தகவல், சான்றிதழின் உண்மைத்தன்மை எனக் காகிதம் முழுக்க உண்மைதான். வாய்மைக்கு வேலையே கிடையாது. ஆனால் அந்த அலுவலகச் சுவரிலேயே கோபுரச் சின்னத்தின் கீழ் 'வாய்மையே வெல்லும்' என்று இருக்கிறதே? மெய்ப்புக்காரர் கணக்குப்படி அங்கே 'உண்மையே வெல்லும்' என்றல்லவா இருக்க வேண்டும்?

பதில் – மெய்ப்புத் திருத்துபவர்

நல்ல பிடி. மத்திய அரசுச் சின்னத்தில் இருக்கும் 'சத்யமேவ ஜெயதே' முண்டக உபநிடதத்து வரி. 'சத்தியம்' செய்தியையும் தாங்கும், குணத்தையும் தாங்கும், நம் ஊரில் ஆணையாகவும் பயன்படும். அந்த அகலத்துக்கு 'உண்மை' போதாது என்பது என் கட்சி. 'உண்மையே வெல்லும்' என்று எழுதியிருந்தால் ஏதோ ஒரு வழக்கின் தீர்ப்பைப் பற்றிப் பேசுவதுபோல் இருந்திருக்கும். வாய்மை என்றதால் அந்த அறத்தைக் கைக்கொண்டவர் வெல்வார் என்று ஆகிறது. வெல்கிறாரா என்பதை உங்கள் வரிசையில் நிற்பவர்களிடம் கேளுங்கள்.

ஏழாம் வகுப்பின் அம்மா

மகள் திருத்தி எழுதியது: "எங்கள் பால்காரர் வாய்மை தவறாதவர், தண்ணீர் கலந்த அன்று கலந்ததாகவே சொல்லிவிடுவார்." இதற்கு மதிப்பெண் கிடைக்குமா? பால்காரருக்கு 'நாணயமானவர்' என்றும் போடலாமா?

மெய்ப்புத் திருத்துபவர்

முழு மதிப்பெண். 'நாணயமானவர்' மட்டும் வேண்டாம். கொடுக்கல் வாங்கலில் சுத்தமாக இருப்பவருக்குத்தான் அது. தண்ணீரைச் சொல்லிவிட்டுப் பால் விலையையே வாங்கினால் அந்தச் சொல் பொருந்தாது. அன்றைக்கு விலையைக் குறைத்துக்கொள்கிறாரா என்று கேட்டுவிட்டு எழுதச் சொல்லுங்கள்.