கார்லோவி வாரி: ஒரு நாளில் எதைப் பார்ப்பது?

மதுரைப் பயணி:
அடுத்த மாதம் அலுவலக வேலையாகப் பிராக் போகிறேன். ஒரு சனிக்கிழமை சும்மா கிடைக்கிறது. செக் நாட்டின் வெந்நீர் ஊற்று நகரமான கார்லோவி வாரி 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததாகப் படித்தேன். அங்கே வெந்நீர் ஊற்றில் குளிக்கலாமா, இல்லை கட்டடங்களைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதானா?

பிராக்வாசி:
தாராளமாகப் போய் வாருங்கள். பேருந்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். ஆனால் நம் குற்றாலம் மாதிரி நினைத்துக்கொண்டு போகாதீர்கள். அது தண்ணீர் குடிக்கும் ஊர்.

ஒரு காலத்தில் அங்கேயும் குளியல்தான் வைத்தியம். தோல் வெடிக்கும்வரை மணிக்கணக்கில் தொட்டியில் கிடப்பார்களாம். 1522இல் வாக்லாவ் பாயர் என்ற மருத்துவர், குளித்தால் போதாது, குடிக்கவும் வேண்டும் என்று எழுதினார். 18ஆம் நூற்றாண்டில் டேவிட் பெக்கர் என்ற மருத்துவர் வந்து, ஊற்றடிக்கே போய்க் குடியுங்கள், நடந்துகொண்டே குடியுங்கள் என்றார்.

அங்கேதான் விஷயம் இருக்கிறது. நோயாளி குவளையோடு நடக்க வேண்டும் என்றால் மழையிலும் நடக்க இடம் வேண்டுமே! அந்தத் தேவைக்குக் கட்டியவைதான் நீளமான தூண் மண்டபங்கள். 1881இல் முடிந்த மில் மண்டபத்தில் 124 தூண்கள். உள்ளே 5 ஊற்றுகள். மருந்துச் சீட்டே கட்டடமாக நிற்பதுபோல எனக்குத் தோன்றும். வெறுமனே படம் எடுத்துக்கொண்டு திரும்பாதீர்கள். கைப்பிடி வழியே உறிஞ்சும் பீங்கான் குவளை ஒன்று வாங்கி, எல்லாரையும்போல மெதுவாக நடந்து பாருங்கள். ஊர் அப்போதுதான் புரியும்.

மலர்:
ஒரு விஷயம் சேர்த்துக்கொள்கிறேன். அது மினரல் வாட்டர் பாட்டில் இல்லை. ஊரின் பெரிய ஊற்றின் தண்ணீரில் லிட்டருக்கு 6 கிராமுக்கு மேல் உப்புகள் உண்டு, வயிற்றையும் இளக்கும். இரத்த அழுத்தம், சிறுநீரகத் தொல்லை இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம். மற்றவர்களுக்கும் நாலு வாய் போதும்.

மதுரைப் பயணி:
நன்றி மலர், நன்றி பிராக்வாசி. அந்தப் பெரிய ஊற்று இருக்கும் கட்டடம் படத்தில் சிமென்ட்டும் கண்ணாடியுமாகத் தெரிகிறதே, அதைத் தவிர்த்துவிடலாமா?

பிராக்வாசி:
தவிர்க்கவே தவிர்க்காதீர்கள். முன்பு அங்கே வார்ப்பிரும்பில் அழகான மண்டபம் ஒன்று இருந்தது. போர்க்காலத்தில் உலோகத்துக்காக அதைப் பிரித்துவிட்டார்கள். இப்போது நிற்பது 1975இல் கட்டியது. பழையதன் இழப்பு எனக்கும் வருத்தம்தான். ஆனால் ஊற்று அதேதான். நிமிடத்துக்குச் சுமார் 2,000 லிட்டர், 70 டிகிரிக்கு மேல் சூடு, 12 மீட்டர் உயரம்வரை பீய்ச்சும். அந்த ஊரே இதைச் சுற்றி எழுந்ததுதான்.

முதலில் அதைப் பாருங்கள். அப்புறம் ஆற்றோரமாகவே நடந்தால், மரத்தில் செதுக்கிய வெள்ளைச் சந்தை மண்டபம், பிறகு மில் மண்டபம். காலையிலேயே போய்ச் சேர்ந்துவிடுங்கள். மதியத்துக்கு மேல் கூட்டம் அதிகம்.