ரோசா இலையை வட்டமாக வெட்டுவது எது?

உவர்மலை வளவு:
முன் வளவில் நாலு ரோசாச் செடி நிற்கிறது, கச்சான் காற்றிலும் தண்ணீர் சுமந்து ஊற்றி வளர்த்தவை. ஒரு கிழமையாக இலை ஓரமெல்லாம் சட்டைப் பொத்தான் அளவில் வட்டமாக, கத்தரிக்கோலால் நறுக்கினதுபோல் போயிருக்கிறது. இலையைப் புரட்டிப் பார்த்தேன், புழுவும் இல்லை, எச்சமும் இல்லை. மருந்து அடிக்கவா?

நிலாவெளித் தோட்டம்:
வேப்பெண்ணெயைச் சவர்க்காரத் தண்ணீரில் கலந்து தெளியுங்கள். எனக்குக் கத்தரியில் சரிவந்தது.

பாலையூற்றுப் பூங்கன்று:
தயவுசெய்து ஒன்றும் அடிக்காதீர்கள்! அது இலைவெட்டித் தேனீ. இலையைத் தின்கிறதே இல்லை, பிள்ளைக்குத் தொட்டில் கட்டத்தான் கொண்டுபோகிறது. காலையில் வெயில் ஏறினதும் செடியடியில் அசையாமல் இருந்து பாருங்கள், இலை விளிம்பில் கால் பரப்பி நின்று, தாடையால் வளைத்து வெட்டி, சில நொடியிலேயே துண்டை வயிற்றுக்கடியில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு பறந்துவிடும். நீட்டுத் துண்டு சுவருக்கு, வட்டத் துண்டு மூடிக்கு. உள்ளே மகரந்தமும் தேனும் குழைத்து வைத்து, அதன்மேல் ஒரே ஒரு முட்டை. இப்படி அறைக்குப் பின்னால் அறையாக அடுக்கும். ராணி, வேலைக்காரி என்று கூட்டமே கிடையாது, ஒவ்வொரு தாயும் தனியாளாய்க் கட்டுகிறது. செடி பட்டுப்போகாது, புதுத் தளிர் வரும்.

உவர்மலை வளவு:
அட, இன்று கண்டுவிட்டேன்! கிணற்றடியில் சாத்தி வைத்த மூங்கில் துண்டுக்குள் இலையோடு நுழைந்தது. வயிற்றின் அடியில் மஞ்சளாய் மா பூசினதுபோல் இருந்தது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், கொட்டுமா?

பாலையூற்றுப் பூங்கன்று:
அந்த மஞ்சள்தான் மகரந்தம். வீட்டுத் தேனீ காலில் சுமக்கும், இது வயிற்றடி மயிரில் சுமக்கும். அது காய்ந்த தூள், பூவுக்குப் பூ உதிர்ந்துகொண்டே போகும், துவரை காய்க்க இது பெரிய உதவி. கையால் பிடித்து நசுக்கினால் கொட்டும், மற்றபடி பிள்ளைகள் பக்கத்தில் நின்று பார்க்கலாம். அப்புறம், இந்த இனத்தில் உலகம் முழுக்க ஏறக்குறைய 1,500 வகை உண்டு, எல்லாமே இலை வெட்டுகிறவை அல்ல, சில சேற்றிலும் பிசினிலும் கட்டும். 2019இல் இந்தோனேசியாவில் உயிரோடு படம்பிடித்தார்களே, உலகின் ஆகப் பெரிய தேனீ, அதுவும் இந்தக் குடும்பந்தான்.

நிலாவெளித் தோட்டம்:
சரி, நான் சொன்னதை விடுங்கள், தெரியாமல் சொல்லிவிட்டேன். என் துவரைப் பாத்திக்குப் பக்கத்திலும் ஒரு மூங்கில் துண்டு கட்டிப் பார்க்கப்போகிறேன். எவ்வளவு அகலத் துளை வேண்டும்?

பாலையூற்றுப் பூங்கன்று:
பென்சில் நுழைகிற அளவு போதும். ஒரு முனை கணுவால் அடைபட்டிருக்கவேண்டும், மழை படாமல் தாழ்வாரத்தில் கட்டுங்கள்.