'போலி மறதிச் சோதனை' வேண்டாமே

வணக்கம்.

நினைவாற்றல் போன்றவற்றைச் சோதிக்கும்போது ஒருவர் பெறும் மதிப்பெண்ணை ஏற்கலாமா என்று பார்ப்பது 'பெர்ஃபார்மன்ஸ் வேலிடிட்டி டெஸ்ட்'. அதற்குத் தமிழில் 'போலி மறதிச் சோதனை' என்ற முன்மொழிவைப் பார்த்தேன். சட்டென்று புரிகிறது, ஆனால் ஆளை உட்கார வைக்கும் முன்பே தீர்ப்பை எழுதிவிடுகிறது.

இவ்வகையில் 1996இல் வெளிவந்த 'டாம்' ('டெஸ்ட் ஆஃப் மெமரி மலிங்கரிங்') சோதனையை எடுத்துக்கொள்வோம். 50 கோட்டோவியங்களை ஒவ்வொன்றாகக் காட்டுவார்கள். பிறகு இரண்டிரண்டு படங்களாக வைத்து, "முன்பு பார்த்தது எது?" என்று கேட்பார்கள். மலைப்பாகத் தோன்றும், மூளைக்காயம் பட்டவர்களிலேயே பலர் எளிதாகத் தேறிவிடுகிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் 25 வாக்கில் சரியாக வரும். ஒருவருக்கு 12தான் வருகிறது என்றால்? சரியான படம் தெரிந்திருந்தால்தான் அத்தனை முறை அதை விட்டு விலக முடியும். (ஐயம் தொடங்கும் எல்லையை வேண்டுமென்றே எழுதவில்லை. நாளை சோதனைக்குப் போகிறவரும் இதைப் படிக்கலாம்.)

அப்படிப்பட்ட 12கள் அபூர்வம். அந்த அளவுக்குப் போகாமல் ஐயத்தின் எல்லைக்குக் கீழே வருபவர்களும் உண்டு; முற்றிய மறதிநோய் உள்ளவர் மனதார முயன்றும் அப்படித் தவறலாம். 'இந்த மதிப்பெண்ணை வைத்து இவருடைய நினைவாற்றலை எடைபோடாதீர்கள்' என்பதோடு சோதனையின் வேலை முடிகிறது. காரணத்தை அது சொல்லாது. இழப்பீடு போன்ற ஆதாயத்துக்காகத் தெரிந்தே நடிப்பதுதான் 'மலிங்கரிங்'. அதற்கு 'நோய்ப்பாசாங்கு' இருக்கட்டும். 'டாம்' தன் ஆங்கிலப் பெயரிலேயே அந்தச் சொல்லைச் சுமப்பது வேடிக்கைதான். அதை நாமும் சுமக்க வேண்டுமா?

2012இல் நரம்பு உளவியலாளர் கிளென் லாராபி ஒரு பிரிவினையை முன்வைத்தார்: சோதனையில் ஒருவர் செய்து காட்டுவதை ஏற்கலாமா என்பது ஒன்று, தன் தொல்லைகளைப் பற்றிச் சொல்வதை ஏற்கலாமா என்பது மற்றொன்று. நமக்குச் சொல், செயல் என்ற இணை கைவசம் இருக்கிறதே! வேலிடிட்டிக்கு 'ஏற்புடைமை' முன்பே புழங்குகிறது. 'நம்பகம்' ரிலையபிலிட்டிக்கு (திரும்ப அளந்தாலும் அதே விடை வருவதற்கு) போய்விட்டது. 'மெய்ம்மை' அழகான சொல், ஆனால் அது இல்லையென்றால் எதிரே 'பொய்' வந்து நிற்கும்.

முதலில் 'செயலேற்பு', 'சொல்லேற்பு' என்று சுருக்கிப் பார்த்தேன். பதவியேற்பு விழா போலக் காதில் விழுந்தது. ஆகவே 'செயல் ஏற்புடைமை', 'சொல் ஏற்புடைமை' என்று முழுதாகவே எழுதலாம். அறிக்கையில் வைத்துப் பாருங்கள்: "செயல் ஏற்புடைமை போதாததால் நினைவுச் சோதனை மதிப்பெண்கள் கணக்கில் கொள்ளப்படவில்லை." யாரையும் பொய்யர் என்று சொல்லவில்லை, மதிப்பெண்ணை நம்பவும் இல்லை.